ஓடைக்கு இந்தப் பக்கம்

தாம்பரத்துக்காரனுக்கு ஆறு என்றால் அடையாறுதான். வருஷத்தில் பெரும் பகுதி, தன்னை ஆறு என்று சொல்லிக்கொள்ளவே கூச்சப்படும் ஆறு அது. 2015 டிசம்பரில் அந்தக் கூச்சம் விட்டுப் போயிற்று. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூர்ப் பக்கம் தெருக்களே ஆறாகிவிட்டன. முழங்கால் தண்ணீர்தானே என்று பால் வாங்க இறங்கினேன். நான்காவது அடியில், கண்ணுக்குத் தெரியாத சாலையோரக் கால்வாய் காலை வாங்கிற்று. எதிர்வீட்டுக்காரர் சட்டையைப் பிடித்து இழுத்திராவிட்டால், இந்தக் கட்டுரையை எழுத வேறு ஆள் பார்த்திருக்க வேண்டும்.

சில வருஷம் கழித்து மைத்துனனோடு சதுரகிரிக்குப் போனேன். பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கி, தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து நடை. காட்டுப் பாதையை ஓடைகள் குறுக்கே வெட்டுகின்றன. ஏறும்போது கல்லுக்குக் கல் தாவியே போய்விட்டோம். சுந்தர மகாலிங்கத்தைத் தரிசித்துவிட்டு இறங்கும்போது வெயில் சுள்ளென்று அடித்தது. சிகரத்தில் மாத்திரம் ஒரு கருமேகம்.

அடிவாரத்துக்குச் சற்று முந்திய ஓடையில் கணுக்கால் அளவே தண்ணீர். மைத்துனன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தான். கரையில் சுமையை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், "இறங்காதீங்க சாமி. தண்ணி நிறம் மாறுது, பாருங்க" என்றார்.

பார்த்தோம். தெளிந்திருந்த நீர் கலங்கிக்கொண்டிருந்தது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன.

"ரெண்டு நிமிஷத்துல தாண்டிடலாம் அத்தான். ரயிலை விட்டுடுவோம்."

எனக்கு அந்த நான்காவது அடி ஞாபகம் வந்தது. "உன் அக்காவுக்கு யார் பதில் சொல்வது?" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

கால் மணி ஆகவில்லை. மலைக்குள் கற்கள் உருளும் சத்தம் கேட்டது. தாவி வந்த கற்களில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. 2015 மே மாதம் இதே மலையில், அமாவாசையை ஒட்டி வந்த பக்தர்களை அடித்துப் போனதும் இப்படி வந்த வெள்ளந்தான். தலைக்கு மேலுள்ள வானத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஓடை புறப்படும் இடத்து வானத்தையும் பார்க்க வேண்டும்.

"சீக்கிரம் ஏறுற தண்ணி சீக்கிரம் இறங்கும்" என்றார் பெரியவர். காத்திருந்த இரண்டு மணி நேரத்தில் இன்னும் சில சொன்னார். குறுகலான இடத்தில் கடக்கக் கூடாது; அங்கே வேகம் அதிகம். அகன்று பரந்த இடமே நல்லது. அருவிக்கு மேலே கால் வைக்கவே கூடாது. செருப்பைக் கழற்றலாகாது. தண்ணீர் வரும் திசையைப் பார்த்து நின்று, கோலை ஊன்றி, பக்கவாட்டில் ஒவ்வோர் அடியாக நகர வேண்டும். விழுந்தால் உதறிவிடும்படி பையின் வாரைத் தளர்த்திக்கொள்ள வேண்டும். முழங்காலைத் தொடும் வேகமான நீர் என்றால், கரைதான் கதி.

வெள்ளம் வடிந்து, அவர் காட்டிய இடத்தில் கடந்தோம். ரயில் போய்விட்டது. இரவு முழுவதும் பஸ்ஸில் இடுப்பு ஒடிய வந்து சேர்ந்தோம்.

"அத்தான் பயந்துட்டார் அக்கா" என்று மைத்துனன் வந்ததும் வராததுமாய்ச் சொன்னான். நான் மறுக்கவில்லை. அவள் ஒன்றும் பேசாமல் காப்பி கொண்டுவந்து வைத்தாள், இரண்டு டம்ளர்.