அரியூர் நாட்டில் ஓர் இத்தாலியர்

கொல்லிமலை என்றவுடன் வல்வில் ஓரியும், ஆகாய கங்கை அருவியும், காரவல்லியிலிருந்து மேலேறும் 70 கொண்டை ஊசி வளைவுகளும் நம் நினைவுக்கு வரும். சுற்றுலா வருவோர் செம்மேட்டில் இறங்கி, அருவியைக் கண்டு, பொழுது சாயுமுன் மலையிறங்கி விடுகின்றனர். இம்மலை பதினான்கு நாடுகளாகப் பகுக்கப்பட்டிருப்பதையும், அவற்றுள் ஒன்று அரியூர் நாடு என்பதையும் அறிந்து கொள்ள அவர்களுக்கு நேரமிருப்பதில்லை. அரியூர்ச் சோலை எனப்படும் பசுமை மாறாக் காடு. மர நிழலில் காப்பியும் மிளகும். திறந்த சரிவுகளில் மரவள்ளி. ஆங்காங்கே ‘வளவு’ என வழங்கும் சிறு குடியிருப்புகள். ஆரவாரம் ஏதுமற்ற ஊர்ப்புறம். இங்கே நான் சென்றது ஓர் இத்தாலியருக்கு வழித்துணையாக.

அவர் பெங்களூரில் மென்பொருள் பொறியாளர். என் தங்கை மகனும் அதே அலுவலகத்தில் பணிபுரிவதால் பழக்கம் ஏற்பட்டது. அவன் என்னை ‘மாமா’ என்று அழைப்பதைக் கேட்டு, அது என் பெயரென்றே எண்ணி அவரும் ‘மாமா’ என்று அழைக்கலானார். உண்மை தெரிந்த பின்னும் மாற்றிக் கொள்ளவில்லை. வெனிஸ் நகருக்கு வடக்கே ஆல்ப்ஸ் மலையடிவாரத்துச் சிற்றூர் அவருடையது. சட்டைப்பையில் ஒரு சிறு குறிப்பேடு எப்போதும் இருக்கும். அயல்நாட்டு வாழ்வில் அன்றாடம் தோன்றும் சின்னஞ்சிறு எண்ணங்களை அதில் எழுதி வைப்பார். “இந்நாட்டில் ‘சாப்பிட்டீர்களா?’ என்று கேட்பவர் விருந்துக்கு அழைக்கவில்லை, நலம் விசாரிக்கிறார்” என்பது அவர் முதலில் எழுதிய குறிப்பாம். மற்றொன்று என்னைச் சிந்திக்க வைத்தது. பகலெல்லாம் ஆங்கிலத்தில் பேசுகிறார். கனவுகூட ஆங்கிலத்தில் வருகிறதாம். ஆனால் காய்கறிக் கடையில் சில்லறையை எண்ணும்போது மட்டும் உதடுகள் இத்தாலியில் முணுமுணுக்கின்றனவாம். நம் இல்லங்களிலிருந்து சவூதிக்கும் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் சபர் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களும் இதையே சொல்வார்கள்.

தேநீர்க் கடையில் அவர் கைப்பேசியை உயர்த்திப் பிடித்து அலைந்து கொண்டிருந்தார். கடைக்காரர் சிரித்தபடி, “இங்க டவர் சைபருங்க” என்றார். ‘சைபர்’ என்றால் என்ன என்று நண்பர் கேட்டார். பூச்சியம் என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அரபு மொழியின் ‘சிஃப்ர்’ ஆங்கிலத்தில் ‘சைஃபர்’ ஆகி நம் கடைத்தெருவுக்கு வந்தது. அதே சொல் லத்தீனில் ‘செஃபிரம்’ ஆகி, இத்தாலியில் ‘ஜீரோ’ ஆயிற்று. மென்பொருள் என்பது முழுக்க முழுக்கப் பூச்சியமும் ஒன்றும்தானே! “மாமா, என் பிழைப்பில் சரிபாதி இந்தச் சொல்தான்” என்றார்.

அந்தச் சொல்லை இத்தாலிக்குக் கொண்டு சென்றவரும் அயல்நாட்டில் வளர்ந்த ஒருவரே. பைசா நகரத்து லியனார்டோவை ஃபிபொனாச்சி என்று உலகம் அறியும். அவருடைய தந்தை, இன்றைய அல்ஜீரியாவிலுள்ள புஜாயா துறைமுகத்தில் பைசா வணிகர்களின் அலுவலராக இருந்தார். மகனை அங்கே வரவழைத்துக் கணக்குப் பயில வைத்தார். இந்தியரின் ஒன்பது எண்களையும் பூச்சியத்தையும் அங்கே கற்ற லியனார்டோ 1202-இல் தம் கணித நூலை எழுதினார். ஊரார் உடனே ஏற்றுக் கொண்டார்களா? இல்லை. 1299-இல் ஃபுளோரன்ஸ் நகரத்து நாணய மாற்று வணிகர் சங்கம் கணக்கேடுகளில் இவ்வெண்களை எழுதத் தடை விதித்தது. கணிப்பொறித் துறையினர் ஓயாமல் உச்சரிக்கும் ‘அல்கோரிதம்’ என்ற சொல்லும் ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த அல்-குவாரிஸ்மியின் பெயர்தான். அப்பெருமகனாரின் பெயரை நாள்தோறும் பத்து முறை சொல்லும் நம் பிள்ளைகள் எத்தனை பேருக்கு இது தெரியும்?

தேநீருக்குப் பின் காப்பித் தோட்டங்களின் ஊடே நடந்தோம். கவனித்தால், அரியூர் நாட்டில் வெளியூர்க்காரர் அவர் ஒருவர் மட்டுமல்லர். காப்பி, ஏமன் நாட்டுக் கடற்கரையிலிருந்து ஏழு விதைகளாக பாபா புதன் அவர்களால் சிக்மகளூர் மலைக்கு வந்ததாகச் சொல்லப்படுவது. அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் ஆஸ்திரேலிய மரம். அன்னாசியும் மரவள்ளியும் தென் அமெரிக்கப் பயிர்கள். மலையாளிகள் எனப்படும் இம்மலைவாழ் மக்களே தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்றுதான் சொல்லிக் கொள்கின்றனர். இதே மலையில், அண்டையிலுள்ள வாழவந்தியில், ஜெஸ்ஸி பிராண்ட் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் குடும்பத்தோடு தங்கி மருத்துவமும் கல்வியும் தந்து, 1929-இல் காய்ச்சலுக்குப் பலியானார். 1914-இல் பிறந்த அவர் மகன் பால் பிராண்ட், பிற்காலத்தில் வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களை நிமிர்த்திய புகழ்பெற்ற அறுவை மருத்துவர்.

ஒரு வளவில் மூதாட்டி ஒருவர் முற்றத்தில் தினை புடைத்துக் கொண்டிருந்தார். “வாங்க, உக்காருங்க, எந்த ஊருங்க?” என்றார். நண்பரின் ஊரைச் சொன்னேன். “அங்க தினை உண்டுங்களா?” என்பது அடுத்த கேள்வி. நான் சிரித்துவிட்டேன், கேள்வி அவ்வளவு பொருத்தமானது. சங்கப் புலவர்கள் குறிஞ்சி நிலத்திற்குரியதாகப் பாடிய நம் தினைக்குத் தாவரவியலார் வைத்திருக்கும் பெயர் ‘செட்டேரியா இட்டாலிகா’. இத்தாலியத் தினை என்பது பொருள்! 1753-இல் லின்னேயஸ் இந்த ‘இட்டாலிகா’ என்ற அடையைச் சூட்டினார். உண்மையில் அது சுமார் எட்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் வட சீனத்தில் பயிராக்கப்பட்ட தானியம். பிறந்தது ஓரிடம், பெயர் வேறிடம், இன்று உரலில் விழுவது கொல்லிமலையில்.

இதை நான் விளக்கியதும் நண்பர் நெடுநேரம் மௌனமாக இருந்தார். அவர் நாட்டில் தினைக்குப் ‘பானிகோ’ என்று பெயராம். ரோமானியர் காலம் முதல் வட இத்தாலியின் ஏழைகள் அதைக் களியாகக் கிண்டி உண்டனர். ‘பொலெந்தா’ என்னும் அக்களி, அமெரிக்காவிலிருந்து மக்காச்சோளம் வந்த பிறகு மக்காச்சோளக் களியாக மாறிற்று. விளைச்சல் மிகுதி, பாடு குறைவு, தினை மறைந்தது. பிறகு நேர்ந்ததுதான் கொடுமை. மூன்று வேளையும் மக்காச்சோளம் ஒன்றையே உண்ட குடியானவர்களுக்குத் தோல் வெடித்து, வயிறு கழிந்து, முடிவில் சித்தம் கலங்கியது. ‘பெல்லாக்ரா’ என்ற அந்நோயின் பெயரே இத்தாலியச் சொல். கரடுதட்டிய தோல் என்று பொருள். அமெரிக்கப் பூர்வகுடிகள் மக்காச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்தே உண்டனர். அதனால் உடலுக்கு வேண்டிய உயிர்ச்சத்து அவர்களுக்குக் கிடைத்தது. தானியம் கப்பலேறியது, பக்குவம் கப்பலேறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அவர் வட்டாரத்து மக்கள் வறுமையாலும் நோயாலும் துரத்தப்பட்டுப் பெருந்திரளாகப் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்தனர். அங்கே அவர்களுக்குக் கிடைத்த வேலை காப்பித் தோட்டத்தில்!

மூதாட்டியின் வீட்டைச் சுற்றி இருந்ததோ மரவள்ளி. அதுவும் பிரேசில் பக்கத்துப் பயிர். இரண்டாம் உலகப் போரின்போது மலாயாவிலிருந்து வந்து கொண்டிருந்த ஜவ்வரிசி தடைப்படவே, சேலம் பகுதியில் மரவள்ளி மாவிலிருந்து அதைத் தயாரிக்கத் தொடங்கினர். கீழே ஆலைகள் பெருகப் பெருக, மலைமேல் சாமையும் தினையும் விளைந்த சரிவுகள் கிழங்குக் கொல்லைகளாயின. நம் வீட்டு நோன்புக் காலத்து ஜவ்வரிசிக் கஞ்சியில் இம்மலையின் கிழங்கும் கலந்திருக்கக் கூடும். கிழங்கு விற்ற காசு கைக்கு வருகிறது. அரிசியோ 2011 முதல் ரேஷன் கடையில் விலையின்றியே கிடைக்கிறது. பிறகு யார் சாமை குத்துவார்கள்?

மலை மக்களைக் குறை சொல்வது எளிது. நகரத்தில் அமர்ந்துகொண்டு சிறுதானியத்தின் பெருமை பேசுவோர் ஒரு படி சாமையை உரலிலிட்டுக் குத்திப் பார்க்கட்டும். உமி நீக்குவதற்குள் தோள் கழன்றுவிடும்; அந்தப் பாடு முழுதும் பெண்களுடையது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1990-களிலிருந்து இம்மலையில் பாடுபட்டபோது, பாரம்பரிய விதைகளைக் காத்ததோடு நில்லாமல், உமி நீக்கும் சிறு எந்திரங்களையும் ஊர்களில் நிறுவ முனைந்தனர். அதுவே சரியான வழி என்பது என் கருத்து. 2023-ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது நல்லதுதான்; ஆனால் அறிவிப்பு உமி நீக்காதே!

மூதாட்டியின் மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாராம். “எதுக்கும்மா இன்னும் தினைய விதைக்கிறன்னு கேக்கறானுங்க. அரைக் காணிதான் போடறனுங்க. விதை அத்துப்போச்சுன்னா அப்புறம் யாருகிட்டப் போய்க் கேக்கறதுங்க?” என்றார். நண்பர் அதை மொழிபெயர்க்கச் சொல்லி, குறிப்பேட்டில் எழுதிக் கொண்டார். அன்று அவர் எழுதியது அது ஒன்றுதான். புறப்படும்போது மூதாட்டி ஒரு படி தினையைத் துணியில் முடிந்து கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

பெங்களூர் திரும்பிய வாரமே நண்பர் அதை மாவாக்கிக் களி கிண்டியிருக்கிறார். ஞாயிறுதோறும் தொலைபேசியில் ‘என்ன சாப்பிட்டாய்?’ என்று கேட்கும் அவர் தாயார் அன்றும் கேட்டிருக்கிறார். பானிகோ என்றதும், “அதைக் கூண்டுக் குருவிக்கல்லவா போடுவார்கள்!” என்று அந்த அம்மையார் திகைத்துப் போனாராம். மறு ஞாயிறு அவரே பேச்சை எடுத்து, ஒரு பங்கு மாவுக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்று கேட்டு எழுதிக் கொண்டாராம்.