மாத்திரைப் பையும் கொண்டு போங்கள்

"சங்கு ஊதிட்டாங்க, டிபன் பாக்ஸ் எங்கே?" என்று அப்பா வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்தபோது எங்கள் கே.கே. நகர் வீடே கலங்கியது. பொன்மலை ரயில்வே பணிமனையிலிருந்து அவர் ஓய்வுபெற்று இருபது வருஷத்துக்கு மேலாகிறது. முந்தின நாள்வரை கரண்ட் பில்லைக் கணக்குப் பிசகாமல் சொன்னவர்.

அவசரப் பிரிவுக்கு ஓடினோம். ஈ.சி.ஜி. நார்மல், தலை ஸ்கேனும் நார்மல். "வயசாயிடுச்சுல்ல, மறதி வரத்தான் செய்யும்" என்று அனுப்பிவிட்டார்கள்.

பிறகு பார்த்த முதியோர் நல மருத்துவர் ஸ்கேனைத் தொடவே இல்லை. "எப்போதிலிருந்து இப்படி?" என்று என்னைக் கேட்டார். அப்பாவிடம் வயது, இந்த இடம், இந்த வருஷம் எல்லாம் கேட்டுவிட்டு, மாதங்களை டிசம்பரிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொன்னார். அப்பா நவம்பரைத் தாண்டியதும் சித்திரைக்குப் போய்விட்டார். வைத்தியம் பார்க்காமல் வாய்ப்பாடு கேட்கிறாரே என்று எனக்கு எரிச்சல்தான். அது 'டெலிரியம்' என்னும் திடீர் மனக்குழப்பத்தைக் கண்டுபிடிக்கும் சோதனை, இரண்டு நிமிஷ வேலை என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. மெல்ல வரும் மறதிநோய் வேறு, ஒரே நாளில் வரும் குழப்பம் வேறு. இரண்டாவதற்குப் பெரும்பாலும் உடம்பில்தான் காரணம் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, நிமோனியா, மலச்சிக்கல், மாத்திரை. முதியவர்களுக்கு நிமோனியா காய்ச்சல் இல்லாமலும், மாரடைப்பு நெஞ்சுவலி இல்லாமலும் வரலாம்.

அப்பாவை எழுந்து நடக்கச் சொல்லிப் பார்த்தபின் மருத்துவர் மாத்திரைப் பையை மேஜையில் கொட்டினார். இரண்டு டாக்டர்கள் எழுதியது. பிரஷருக்கான ஒரே நீர் மாத்திரை இரண்டு கம்பெனிப் பெயரில். அதனால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, குழப்பம் வந்திருந்தது. வார்டில் சேர்த்து சோடியத்தை மெதுவாக ஏற்றினார்கள், சங்கும் ஓய்ந்தது.

இந்தியாவில் முதியோர் நல மருத்துவத்துக்கு வழி போட்டதே நம் மாநிலம்தான். 1978இல் சென்னை அரசு பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ். நடராஜன் அதற்கான பிரிவைத் தொடங்கினார், 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் எம்.டி. படிப்பே வந்தது. 2024இல் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையம் திறந்தார்கள். எல்லாம் சரி, நடுராத்திரி ஆம்புலன்ஸில் வரும் பெரியவரை முதலில் பார்ப்பவர் அவசரப் பிரிவின் டியூட்டி டாக்டர். அந்த இரண்டு நிமிஷச் சோதனை அங்கே நடக்க வேண்டும்.

அதுவரை, வீட்டுப் பெரியவரை அழைத்துப்போகும்போது மாத்திரை மொத்தத்தையும், மூக்குக்கண்ணாடி, காது மெஷினையும் எடுத்துப்போங்கள். "நேற்றுவரை நல்லா இருந்தாங்க" என்பதை முதலில் சொல்லுங்கள். "வயசு" என்று பதில் வந்தால், ரத்தத்தில் சோடியம் பார்த்தாச்சா என்று கேளுங்கள்.