முளை கட்டிய தானிய ரொட்டி

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி, புன்னக்காயல்

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முன்னோர் வாக்கு. பிள்ளைகளைப் பாராட்டும்போதும் சரி, கண்டிக்கும்போதும் சரி, பெரியவர்கள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. ஆனால் அந்த முளைக்கென்று ஒரு சுவை உண்டு, பல்லில் படும் ஒரு பதமும் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? பனங்கிழங்கை அவித்துத் தின்கிறோம். அதன் கொட்டையைப் பிளந்து உள்ளிருக்கும் தவுணைப் போட்டி போட்டுக்கொண்டு எடுக்கிறோம். இரண்டும் பனம்விதை முளைத்ததால் வந்தவையே. தேரிக்காட்டுப் பக்கத்தில் பிறந்த நமக்கு முளையின் இனிப்பு புதிதன்று. அதே இனிப்பு தானியத்திலும் உண்டு என்பதைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

கடந்த 2024ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த என் சித்தப்பா, ஒரு பெரிய கடையில் வாங்கிய முளை கட்டிய கோதுமை ரொட்டி ஒன்றைக் கொண்டு வந்தார். அதன் விலையைக் கேட்ட அம்மா, "இந்தக் காசுக்கு ஒரு வாரத்துக்கு மீன் வாங்கலாமே!" என்றார்கள். ரொட்டியின் நிறம் கருப்பட்டிக் காப்பி போன்றிருந்தது. நாங்கள் வழக்கமாக வாங்கும் வெள்ளை ரொட்டியைக் கையில் எடுத்தால் பஞ்சு போல் அமுங்கும். இதுவோ அளவில் சிறியது; ஆனால் கனத்தது. அப்பா அதைக் கையில் தூக்கிப் பார்த்து, "வள்ளத்துக்கு நங்கூரமா போடலாம் போலிருக்கே" என்று சிரித்தார்.

ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டேன். வெள்ளை ரொட்டி நாக்கில் பட்டதும் கரைந்து, அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இது கரையவில்லை. ஈரப்பதமாக, கொஞ்சம் இழுவையாக இருந்தது. மெல்ல வேண்டியிருந்தது. இடையிடையே உமியின் துணுக்குகள் பல்லில் நறுக்கென்று பட்டன. முதலில் பச்சைப் புல்லின் வாசம் போல் ஏதோ ஒன்று. பின்பு வறுத்த கடலையின் மணம். நன்றாக மென்ற பிறகு, எங்கிருந்தோ ஓர் இனிப்பு வந்தது. சர்க்கரையின் இனிப்பு வாயில் போட்டதும் தெரிந்துவிடும். இது மெல்ல மெல்லத்தான் தெரிந்தது. அம்மா மீதித் துண்டுகளைத் தோசைக்கல்லில் வாட்டித் தந்தார்கள். அப்போது மேற்புறம் மொறுமொறுப்பாகவும் உள்ளே மெத்தென்றும் இருந்தது, மணமும் இரட்டிப்பாயிற்று.

பாட்டிக்குப் பற்கள் குறைவு. ஒரு துண்டைக் காப்பியில் ஊறவைத்துத் தின்றுவிட்டு, "ஏ பிள்ளே, இது நம்ம முளை கட்டுன கேப்பை அடைக்கு அக்காக்காரியில்லா!" என்றார்கள். எல்லாரும் சிரித்தோம். ஆனால் பாட்டி சொன்னது முற்றிலும் உண்மை என்பது, அறிவியல் பாடம் படித்தபோது எனக்கு விளங்கிற்று.

பத்தாம் வகுப்பில் தாவர ஹார்மோன்களைப் படிக்கிறோம் அல்லவா? அதில் வரும் ஜிப்ரல்லினை நினைவுகூருங்கள். 1926ஆம் ஆண்டில் ஜப்பான் நாட்டைச் சேர்ந்த குருசோவா, அளவு மீறி நெடுநெடுவென வளர்ந்த நெற்பயிர்களின் நோயை ஆராய்ந்ததிலிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது. தானியம் நீரில் ஊறியதும், அதனுள் உறங்கும் கரு விழித்துக்கொண்டு இந்த ஜிப்ரல்லினை வெளியிடுகிறது. உடனே தானியத்தின் மேலடுக்கில் அமைலேஸ் முதலான நொதிகள் உண்டாகின்றன. அவை தானியத்தில் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் மாவுச்சத்தைச் சிறுகச் சிறுகச் சர்க்கரையாக மாற்றுகின்றன. சோற்றை வெகுநேரம் மென்றால் இனிக்கிறதே, அங்கும் நம் உமிழ்நீரில் உள்ள அமைலேஸ்தான் வேலை செய்கிறது. ஆக, நாம் சுவைக்கும் அந்த இனிப்பு யாரும் வெளியிலிருந்து சேர்த்ததன்று. இளம் முளை தன் வளர்ச்சிக்கென்று ஆக்கிக்கொண்ட உணவு அது.

நாம் அறிந்த ஹார்லிக்ஸின் மணமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பார்லியை முளைக்கவைத்து உலர்த்தினால் கிடைப்பது மால்ட். 1873ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஹார்லிக் சகோதரர்கள் தொடங்கிய நிறுவனம், அந்த மால்ட்டையும் கோதுமை மாவையும் பாலுடன் சேர்த்து உலகெங்கும் பெயர் பெற்றது. அந்தப் புட்டியின் மணத்தை அறிந்தவர்களுக்கு முளை கட்டிய ரொட்டியின் மணம் அந்நியமாகத் தோன்றாது.

இனி, ரொட்டி ஏன் கனக்கிறது என்று பார்ப்போம். கோதுமையில் குளூட்டன் என்னும் பசையுள்ள புரதம் உண்டு. பிசைந்த மாவு ரப்பர் போல் இழுபடுவதும், ஈஸ்ட் உண்டாக்கும் காற்றைப் பிடித்துவைத்துக்கொண்டு உப்புவதும் அதனால்தான். தானியம் முளைக்கும்போது வேறு சில நொதிகள் அந்தப் புரதத்தையும் வெட்டத் தொடங்குகின்றன. மேலும், இவ்வகை ரொட்டிகள் பலவற்றில் முளைத்த கோதுமையை மாவாக்காமல், ஈரத்தோடு உமியும் சேர்த்து அப்படியே அரைக்கிறார்கள். ஆகையால் ரொட்டி அதிகம் உப்புவதில்லை. முளை அளவோடு இருக்கவும் வேண்டும். அறுவடைக்கு முன் மழையில் நனைந்து கதிரிலேயே முளைத்துவிட்ட கோதுமையில் ரொட்டி சுட்டால், உள்ளே வேகாத களி போல் பிசுபிசுக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது இங்கும் பொருந்துகிறது.

பாட்டி சொன்ன அந்தக் கேப்பை அடையை நான் மறக்க முடியாது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தில் பெய்த பெருமழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் பக்கத்து ஊராகிய காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருப்பது எங்கள் புன்னக்காயல். மேற்கே பெய்த மழையும் எங்களைத் தேடித்தான் வந்தது. சாலை அறுபட்டது. மின்சாரம் இல்லை. ரொட்டி வண்டியும் காய்கறி வண்டியும் வரவில்லை.

அப்போது என் தம்பிக்கு வயது நான்கு. அவனுக்குக் காய்ச்சல். கஞ்சி வைத்தால் துப்பினான். ரொட்டி வேண்டும் என்று அழுதான். ரொட்டிக்கு எங்கே போவது? கீழே வைத்திருந்த அரிசி மூட்டையில் வெள்ளம் ஏறிவிட்டது. வெள்ளநீர் பட்ட தானியம் ஆகாது என்று பாட்டி அதைத் தொடவிடவில்லை. பரணில் ஒரு தகர டப்பாவில் கேப்பையும், இன்னொன்றில் பாசிப்பயறும் நனையாமல் இருந்தன. மாவு திரிக்க மில் இல்லை, மிக்ஸி ஓடாது. பாட்டி சற்று யோசித்துவிட்டு, மாடியில் பிடித்த மழைநீரைக் கொதிக்கவைத்து ஆற்றி, அதில் இரண்டையும் ஊறப்போட்டார்கள். மறுநாள் வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டார்கள்.

தம்பிக்கு அந்தத் துணிமூட்டை ஒரு விளையாட்டாயிற்று. "வால் வந்துட்டா பாட்டி?" என்று மணிக்கொரு தரம் கேட்டான். மூன்றாம் நாள் காலையில் மூட்டையை அவிழ்த்தபோது, ஒவ்வொரு மணியிலும் வெள்ளை வால் முளைத்திருந்தது. முளைத்த தானியம் மிருதுவாகிவிடும். ஆதலால் மில் இல்லாமலே அரைக்கலாம். கோழிக்குத் தண்ணீர் வைக்கப் பயன்பட்டு வந்த பழைய ஆட்டுரலைக் கழுவி, வெந்நீர் ஊற்றி, அம்மாவும் நானும் மாறி மாறி அரைத்தோம். கை காய்த்துவிட்டது. பாட்டி கொஞ்சம் கருப்பட்டி தட்டிப் போட்டு, அடையாகத் தட்டிச் சுட்டார்கள். ஓரம் மொறுமொறுவென்றும் நடு மெத்தென்றும் இருந்தது. கேப்பையின் உமி பல்லில் நறநறத்தது. "இதுதான் ரொட்டி" என்று பாட்டி சொல்ல, தம்பி இரண்டு அடை தின்றான். மூன்று நாள்களாக வெறும் வயிற்றோடு கிடந்த பிள்ளை வாய் நிறைய மெல்வதைப் பார்த்து, அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடை தின்றதால் காய்ச்சல் நீங்கிற்று என்று நான் சொல்லமாட்டேன். காய்ச்சலுக்கு மாத்திரை வள்ளத்தில்தான் வந்து சேர்ந்தது. ஆனால் மாத்திரை வரும்வரை அவனைத் தாங்கியது அந்த அடை.

இதைப் போன்ற ஒரு நெருக்கடி ரொட்டி பழைய ஏற்பாட்டிலும் உண்டு. எசேக்கியேல் இறைவாக்கினர் நூலின் 4ஆம் அதிகாரத்தில், கோதுமை, வாற்கோதுமை, பயறு வகைகள், தினை முதலியவற்றை ஒரே பாத்திரத்தில் போட்டு ரொட்டி செய்யும்படி ஆண்டவர் அவருக்குக் கட்டளையிடுகிறார். அதுவும் நாளொன்றுக்கு 20 செக்கேல் எடை, அதாவது கால் கிலோவுக்கும் குறைவாகவே உண்ண வேண்டும். எருசலேம் முற்றுகையிடப்பட்டு மக்கள் பசியால் வாடப்போவதற்கு அது ஓர் அடையாளம். முளை கட்டுவது பற்றி அங்கு ஒன்றும் சொல்லப்படவில்லை. ஆயினும் இன்று அமெரிக்காவில் முளை கட்டிய பல தானியங்களால் செய்யப்படும் ஒரு ரொட்டி, அந்த வசனத்தின் எண்ணையே பெயராகத் தாங்கி விற்பனையாகிறது. பஞ்சத்தின் ரொட்டியாக இருந்தது வசதியுள்ளவர் வீட்டு ரொட்டியாகிவிட்டது! எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வெள்ளத்தில் வழியின்றித் தின்ற அடையின் அக்காதான் ஓர் ஆண்டு கழித்துச் சென்னைக் கடையிலிருந்து விலையுயர்ந்த உறையில் வந்து சேர்ந்தாள்.

கோதுமை எங்கள் கரையில் விளைவதன்று. ரொட்டியை இலங்கைத் தமிழர் 'பாண்' என்று சொல்வது போர்த்துக்கீசியரிடமிருந்து வந்த சொல். கொழும்பில் கடை வைத்திருந்த பாட்டியின் தகப்பனாரும் அப்படித்தான் சொல்வாராம். கப்பலில் வந்த ரொட்டியை நாம் ஏற்றுக்கொண்டோம், அதில் தவறில்லை. ஆனால் நம் மாவட்டத்துக் கரிசல் நிலத்தில் விளையும் கம்பையும் சோளத்தையும், வீட்டுப் பரணிலிருக்கும் கேப்பையையும் மறந்துவிடக் கூடாது. 2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அந்த யோசனையை முன்வைத்தது நம் இந்திய நாடே.

இதனால் நமக்கு என்ன பயன் என்று கேட்கலாம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உள்ளது. அதே அளவு பசும்பாலில் சுமார் 120 மில்லிகிராமே. தானியங்களில் உள்ள பைட்டிக் அமிலம், இரும்பு போன்ற சத்துக்களை உடல் ஏற்கவிடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். முளைக்கும்போது அந்த அமிலம் குறைகிறது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. அந்தக் கணக்கு நம் வயதிலிருந்தே தொடங்குகிறது, தோழியரே! இரும்புச்சத்து மாத்திரைக்கு இது மாற்றாகாது. ஆனால் நல்ல துணையாகும்.

ஒன்றை மட்டும் சொல்லியாக வேண்டும். என் பாட்டிக்குச் சர்க்கரை நோய் உண்டு. முளை கட்டியது என்பதற்காக எவ்வளவு வேண்டுமானாலும் தின்னலாம் என்பது சரியன்று. அதிலும் மாவுச்சத்தும் சர்க்கரையும் இருக்கின்றன. பாட்டி ஓர் அடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள்; கருப்பட்டி போடாமல்!

நீங்களும் செய்து பார்க்க விரும்பினால், இரண்டு பங்கு கேழ்வரகுக்கு ஒரு பங்கு பாசிப்பயறு எடுத்துக் கல் நீக்கிக் கழுவி, 12 மணி நேரம் தனித்தனியே ஊறவையுங்கள். நீரை நன்றாக வடித்து, சுத்தமான துணியில் கட்டி, அவ்வப்போது நீர் தெளித்து வாருங்கள். ஒரு நாளிலிருந்து ஒன்றரை நாளுக்குள், முளை தானியத்தின் அளவுக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள். நீள விட்டால் கசக்கும். இஞ்சி, உப்பு சேர்த்து, நீர் அதிகம் விடாமல் கெட்டியாக அரைத்து, சின்ன வெங்காயம் கலந்து, வாழையிலையில் தட்டி, தோசைக்கல்லில் மூடிபோட்டுச் சிறு தீயில் இரு பக்கமும் வேகவிடுங்கள். முளைத்த தானியத்தில் கிருமிகள் எளிதில் பெருகும். ஆகவே அரைவேக்காடு ஆகாது. எடுக்கும் முன் இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் ஓரம் மொறுமொறுக்கும். சுட்ட அடையை அவசரமாக விழுங்காமல் நன்றாக மென்று தின்னுங்கள். அதன் இனிப்பு கடைசியில்தான் வரும்.