சுருதி பிசகியது எங்கே?

வீட்டிலே ஒரு பொருள் பழுதுபட்டால், அதனைத் திருத்துவதற்கு முன்னர் யாரையாவது குற்றஞ் சொல்லிவிடுவது மனித இயல்பு. அவ்வியல்புக்கு நாமும் விலக்கல்லோம் என்பதை அண்மையில் ஓர் இசைத்தட்டுக் கருவி நமக்குக் கற்பித்தது. பௌதிகவியல் கற்பிப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், எண்பத்திரண்டு வயது நிரம்பிய தந்தையாரிடம் அப்பாடத்தைப் படிக்க நேர்ந்தது. இதை எழுதச் சிறிது வெட்கமாகவே இருக்கின்றது. ஆயினும் மாணவர்களுக்குப் பயன்படுமென்று எண்ணி எழுதுகின்றோம்.

நமது அன்னையார் வீணை பயின்றவர். எஸ். பாலச்சந்தர் (1927–1990) வாசித்த வீணை இசைத்தட்டு ஒன்று அவரிடம் இருந்தது. அதனைச் சுழலவிட்டு, சுருதிப் பெட்டியில் அதன் ஆதார சுருதிக்குரிய துளையைத் திறந்து, தம் வீணையையும் அதற்கு இசையக் கூட்டிக்கொண்டு உடன் வாசிப்பது அவர் வழக்கம். 1990 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது, தட்டும் ஊமையாயிற்று. அப்பொழுது நமக்கு வயது பத்து. 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்தபோது, வீணையையும் கருவியையும் விட்டுச் சென்றோம். திரும்பி வந்தபோது இரண்டும் இல்லை. சேலை மடிப்புக்குள் வைத்து அன்னையார் கொண்டுபோன தட்டும், ஐயாவின் தோளில் தொங்கிய சுருதிப் பெட்டியுமே எஞ்சின.

அன்னையார் மறைந்து இரண்டாவது ஆண்டுத் திவசம் நெருங்கியது. அன்று அத்தட்டைக் கேட்க வேண்டுமென்று ஐயா ஆசைப்பட்டார். ரொறன்ரோவிலிருக்கும் நம் தங்கை, அங்கே வாங்கிய பழைய கருவியொன்றைத் தன் கணவரிடம் கொடுத்தனுப்பினாள். அந்நாட்டு மின்சாரம் 120 வோல்ற்று. நம் நாட்டில் 230. ஆகவே ஒரு நிலைமாற்றியை வாங்கி, அதனூடாகக் கருவியை இணைத்தோம்.

முதல் நாள், கொசுவின் ரீங்காரம் போல மெலிந்த ஒலியே கேட்டது. காரணம் எளிது. காந்தத்தினால் இயங்கும் ஊசித்தலை தருவது ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் நாலைந்து பங்கு மட்டுமே. அன்றியும், தட்டில் ஒலியைப் பதிக்கும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்தும் உயர்ந்த ஒலிகளைக் கூட்டியுமே பதிக்கின்றனர். இதற்கான பொது அளவு 1954 இல் ஏற்பட்டது. அதனை மறுதலையாக்கி ஒலியைப் பெருக்குதற்குச் சிறிய முன்பெருக்கி ஒன்று வேண்டும். அதனைக் கொழும்பிலிருந்து வருவித்தோம். ஒலி நிறைந்தது.

அதனோடு ஓர் உறுமலும் வந்தது. கருவியின் பின்னே தனித்துத் தொங்கிய மெல்லிய புவித்தொடுப்புக் கம்பியை முன்பெருக்கியின் திருகாணியில் முடுக்கினோம்; உறுமல் அடங்கிற்று. பின்னர் இடப்பக்க ஒலிபெருக்கி பேசவில்லை என்று கண்டோம். ஊசித்தலையின் பின்னே வெள்ளை, சிவப்பு, நீலம், பச்சை என நான்கு நுண்கம்பிகள் உள்ளன. வெள்ளையும் நீலமும் இடப்பக்கத்துக்குரியவை. வெள்ளைக் கம்பி கழன்றிருந்தது. சிறு குறட்டினாற் பிடித்து மெல்லச் செருகியதும் அப்பக்கமும் வாய் திறந்தது.

இனி எஞ்சியது கரகரப்பு. இரண்டிடங்களில் ஊசி தாவியும் விட்டது. அயலவர் ஒருவர், ஊசித்தலையின் மேல் ஒரு நாணயத்தை வைத்தால் தாவாது என்றார். நேயர்கள் இதனை ஒருபோதும் செய்தல் ஆகாது. நம் ஊசி தட்டை அழுத்த வேண்டிய நிறை ஏறக்குறைய 2 கிராம். நாணயத்தை ஏற்றினால் தட்டின் சாலே தேய்ந்து அழியும். ஊசி முனையில் பஞ்சுபோல் அடைந்திருந்த தூசியை மென்மையான தூரிகையாற் பின்னிருந்து முன்னாகத் துடைத்தோம். தட்டைக் காய்ச்சி வடித்த நீரில் நனைத்த துணியால் சால் செல்லும் வழியே துடைத்தோம். நிறையையும் அளந்து சரிசெய்தோம். பழைய அரக்குத் தட்டு வைத்திருப்போர் மதுசாரத்தால் துடைத்தல் கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

இத்தனையும் முடிந்தபோது வீணை தெளிவாக ஒலித்தது. வெற்றிக் களிப்போடு ஐயாவை அழைத்து நாற்காலியில் இருத்தினோம். அவர் கண்ணை மூடிக் கேட்டார். சிறிது நேரத்தில் கண்ணைத் திறந்தார்.

“தம்பி, உது கொம்மாவின்ரை சுருதி இல்லை. தந்தி தொய்ஞ்சு போய்க் கிடக்குது.”

“ஐயா, தட்டு அதேதான். வயது போனால் காது முன்னைப்போல இராது,” என்றோம்.

ஐயா ஒன்றும் பேசாமல் எழுந்து போனார். நாம் குசினிக்குள் சென்று, “ஐயாவை ஒருக்கால் காது டாக்குத்தரிட்டைக் காட்ட வேணும்” என்று துணைவியாரிடம் கூறினோம். சற்று உரத்தே கூறினோம் போலும். அதன்பின் இரண்டு நாட்கள் ஐயா அந்த அறைப்பக்கம் வரவில்லை.

மூன்றாம் நாள் இரவு, சுருதிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். துளையொன்றின் அருகே சிவப்பு மையினால் இட்ட பொட்டு மங்கித் தெரிந்தது. “கொம்மா திறக்கிற துளை உது. அவ வைச்ச பொட்டு. இப்ப தட்டைப் போடு” என்றார்.

தட்டு சுழன்றது, பெட்டியும் ஒலித்தது. இரண்டும் ஒன்றோடொன்று இசையவில்லை. ஐயா அத்துளையை மூடி, அதற்குக் கீழ்த்துளையைத் திறந்தார், பொருந்தவில்லை. அடுத்ததும் அவ்வாறே. மூன்றாந் துளை கீழே இறங்கியபோதுதான் வீணையும் பெட்டியும் கலந்தன.

அப்பொழுதும் நம் மனம் பெட்டியையே ஐயுற்றது. நாக்குகள் துருப்பிடித்திருக்கலாமென்று எண்ணி, கைத்தொலைபேசியிலுள்ள சுருதிச் செயலியோடு ஒப்பிட்டுப் பார்த்தோம். பெட்டி சரியாகவே இருந்தது. ஆகவே பிழை சுழற்சியில் உள்ளது. தட்டின் ஓரத்தில் ஒரு கடதாசித் துண்டை அடையாளமாக வைத்து எண்ணினோம். நிமிடத்துக்கு 33⅓ முறை சுழல வேண்டிய தட்டு, 28 முறைகூடச் சுழலவில்லை.

மூன்று துளை இறக்கம் என்பது ஷட்ஜத்துக்கும் சாதாரண காந்தாரத்துக்கும் உள்ள இடைவெளி. அதன் விகிதம் 6:5. இவ்விகிதம் மனதில் எழுந்த கணமே கருவியைக் கவிழ்த்துப் பார்த்தோம். அடித்தகட்டில் 120 என்றும், அதன் கீழே 60 என்றும் பொறித்திருந்தது. கனடாவில் ஆடலோட்டம் செக்கனுக்கு 60 முறை அலைகின்றது. இலங்கையில் 50 முறை. இக்கருவியின் மோட்டர் அவ்வலையைப் பின்பற்றியே சுழல்வது. நிலைமாற்றி வோல்ற்றளவை மாற்றுமேயன்றி மீடிறனை மாற்றாது. இதனை இருபது ஆண்டுகளாக வகுப்பில் கரும்பலகையில் எழுதி வருகின்றோம்! நம் வீட்டு மேசைமேல் அது நிகழ்ந்தபோது ஐயாவின் காதைக் குறை கூறினோம்.

“ஐயா, நீங்கள் சொன்னது சரி. பிழை என்னிலைதான்” என்றோம். அவர் பெட்டியை மூடிக்கொண்டு உறங்கப் போனார்.

மோட்டரின் தண்டிலுள்ள சிறு கப்பிதான் வாரின் வழியே தட்டுமேடையைச் சுழற்றுகின்றது. அதன் விட்டம் ஐந்திலொரு பங்கு பெருத்தால், குறைந்த வேகம் ஈடாகும். வேணியர் இடுக்கியால் அளந்து, கடைசற் பட்டறையொன்றில் பித்தளைக் கப்பி கடைவித்தோம். 33⅓ சுற்றென்றால் மூன்று நிமிடத்தில் சரியாக 100 வரவேண்டும். வந்ததோ 99க்கும் சற்றுக் குறைவு. வாரின் தடிப்பைக் கணக்கிற் சேர்க்காதது நமது அடுத்த தவறு. இரண்டாவது கப்பி 100 சுற்றைத் தந்தது.

பழுது பார்க்கும் முறையை மாணவர்க்கு நாம் சொல்வது இதுவே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக; அளவுகோலையும் சோதிக்க; உங்கள் கணக்கையும் சோதிக்க. இப்பொழுது அதனோடு ஒன்றைச் சேர்த்துச் சொல்கின்றோம்: “ஏதோ சரியில்லை” என்று ஒருவர் கூறினால், அவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் அக்கூற்றைக் குறித்து வைக்க. ஐயாவுக்கு மீடிறன் தெரியாது. அன்னையார் பக்கத்தில் ஆண்டுக்கணக்காக இருந்து கேட்ட சுருதி தெரியும்.

திவசத்தன்று படையல் முடிந்து, உறவினர் உண்டு சென்றபின், மாலையில் தட்டைச் சுழலவிட்டோம். ஐயா பொட்டிட்ட துளையைத் திறந்து, பெட்டியை மெல்ல அசைத்தார். வீணை அதனுட் சென்று கலந்தது. ஒரு பக்கம் முழுவதும் அவர் கையை எடுக்கவில்லை. ஊசி உட்சாலை அடைந்து நின்றபோது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சால்வையால் துடைத்தார்.

“இப்ப சரி” என்றார். பின்னர் நம்மைப் பார்த்து, “காது டாக்குத்தரிட்டை எப்ப தம்பி போறம்?” என்று கேட்டார்.

துணைவியார் சிரித்துவிட்டார். நாம் தட்டை மறுபக்கம் திருப்பிப் போடுவதற்கென்று எழுந்தோம்.