செயலியில் இல்லாத பற்று நோட்டு

நாளிதழில் வரும் 'விருதுநகர் மார்க்கெட் நிலவரம்' பகுதியைத் தேடிப் படிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பருப்பு, மல்லி, வத்தல், எண்ணெய் விலை ஏறியதா, இறங்கியதா என்று பார்க்கத்தான். மளிகை வியாபாரத்துக்குப் பேர்போன அந்த ஊரிலும் இப்போது சோப்பும் சத்துமாவும் அட்டைப் பெட்டியில் வாசலுக்கு வந்து இறங்குகின்றன.

வரட்டும், நல்லதுதான். முழங்கால் வலியோடு தனியாக இருக்கும் அம்மாவுக்கு, துபாயில் இருக்கும் மகன் அங்கிருந்தே சாமான் வாங்கி அனுப்பலாம். விலையை ஒப்பிடலாம். பழுதாக வந்தால் திருப்பி அனுப்பலாம்.

ஆனால், சிவகாசிப் பக்கம் கதை கொஞ்சம் வேறு. பட்டாசு, தீப்பெட்டி வேலைக்குப் போகிற பலருக்கு வாரக்கூலிதான். அடைமழை பிடித்துக்கொண்டால் மருந்து காயாது, குச்சி காயாது, வேலையும் இருக்காது. அந்த வாரம் பல வீடுகளில் அடுப்பு எரிவது தெருமுனைக் கடையின் பற்று நோட்டை நம்பித்தான். "ரெண்டு கிலோ அரிசி, கால் கிலோ பருப்பு. எழுதிக்கோங்க அண்ணாச்சி" என்றால் போதும்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பட்டாசுக்குக் கடும் கட்டுப்பாடுகள் விதித்தது. பேரியம் கூடாது, சரவெடி கூடாது, ஆன்லைனில் பட்டாசு விற்கவும் கூடாது. உப்பு முதல் ஃபிரிட்ஜ் வரை போனிலேயே வாங்கலாம் என்றாகிவிட்ட காலத்தில், சிவகாசி செய்கிற சரக்குக்கு மட்டும் அந்த வழி அடைபட்டது. தீர்ப்பையடுத்து பட்டாசு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. கூலி நின்றது. பசி நிற்குமா?

அப்படிப்பட்ட நாளில்தான் இரண்டு கடைகளுக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். செயலியிலும் 'பிறகு செலுத்துங்கள்' என்று கடன் உண்டு. ஆனால், அது பான் கார்டு கேட்கும். தவணை தவறினால் அபராதம் போடும். அண்ணாச்சிக்கு, ஆலை எப்போது திறக்கும் என்று கடன் வாங்கியவருக்கு முன்பே தெரிந்திருக்கும்!

அதற்காக அண்ணாச்சி கடையில் எல்லாமே சரி என்று சொல்லிவிட முடியாது. பற்று வைத்தவர் விலையைப் பற்றி வாய் திறக்க முடியாது. கிலோவுக்கு ரெண்டு ரூபாய் கூடுதலாக இருந்தாலும் பேசாமல் வாங்கிப் போக வேண்டியதுதான். செயலி அந்தச் சங்கடத்தைப் போக்கியிருக்கிறது.

இன்னொரு கணக்கும் உண்டு. விருதுநகர் நாடார் வணிகர்கள் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை 'மகமை' என்று பொதுக் காரியத்துக்கு ஒதுக்கினார்கள். அது கோயிலாகவும் பள்ளிக்கூடமாகவும் ஆனது. காமராஜர் படித்த சத்திரிய வித்தியாசாலைக்கு வீடு வீடாகப் பிடி அரிசி திரட்டினார்கள். கடையின் லாபம் ஊருக்குள்ளேயே சுற்றியதால் நடந்த காரியம் இது. எங்கோ இருக்கும் நிறுவனத்துக்குப் போகிற லாபத்தில் யார் மகமை கேட்பது?

கடைக்காரர்களும் சும்மா இருந்துவிடவில்லை. வாட்ஸ்அப்பில் சீட்டு அனுப்பினால் பையன் சைக்கிளில் கொண்டுவந்து தருகிறான். கல்லாப்பெட்டி மேல் க்யூஆர் அட்டை நிற்கிறது. அதன் பக்கத்திலேயே பழைய நீள நோட்டும் இருக்கிறது. மாதச் சாமானைப் போனில் வாங்குகிறவர்கள், வாரச் சாமானையாவது அந்தக் கடையில் வாங்கினால் நல்லது. கையில் காசுள்ளவர்கள் அங்கே ரொக்கம் கொடுத்தால்தான், காசில்லாதவர்களுக்காக அந்த நோட்டில் அடுத்த பக்கம் புரளும்.