ஒரு 'ஹேட்' செய்த கொலை

கடம்பத்தூர் ரயில் நிலையம். இரவு மணி பத்தரை. மழை பெய்துகொண்டிருந்தது. அரக்கோணம் போகும் லோக்கல் வந்து நின்றது. ஒரே ஒருவன் இறங்கினான். பிளாட்பார பெஞ்சில் யாரோ ஒரு பெட்டியை விட்டுப் போயிருந்தார்கள்...

என்ன, கதை சூடு பிடிக்கிறதா? இந்தச் சில வரிகளிலேயே ஆங்கில இறந்தகாலத்தின் மூன்று முக்கிய வகைகளும் வந்துவிட்டன!

'பெய்துகொண்டிருந்தது' என்பது பாஸ்ட் கன்டினியூயஸ் (வாஸ் ரெயினிங்). கதைக்குப் பின்னணி. 'இறங்கினான்' என்பது சிம்பிள் பாஸ்ட் (காட் ஆஃப்). கதையை நகர்த்துவது இதுதான். 'போயிருந்தார்கள்' என்பது பாஸ்ட் பெர்ஃபெக்ட் (ஹேட் லெஃப்ட்). நாம் வருவதற்கு முன்பே நடந்து முடிந்தது. சஸ்பென்ஸ் ஒளிந்திருப்பது இங்கேதான். யார் விட்டது? எப்போது? ஏன்?

தமிழ் மீடியத்தில் படித்தவர்களுக்கு 'ஹேட்' என்றாலே ஒரு நடுக்கம். பரீட்சையில் ஹின்ட்ஸை வைத்துக் கதை எழுதச் சொன்னால், எல்லா வரியையும் சிம்பிள் பாஸ்டில் எழுதித் தப்பித்துவிடுவோம். ஆனால் இதைப் பாருங்கள்.

"வென் குமார் ஓப்பன்ட் த டோர், த மேன் டைட்." கதவைத் திறந்ததும் ஆள் செத்தான். குமார் மேல் சந்தேகம் வரும்.

"வென் குமார் ஓப்பன்ட் த டோர், த மேன் ஹேட் டைட்." ஆள் ஏற்கெனவே செத்துப் போயிருந்தான். குமார் தப்பித்தான்!

ஒரு 'ஹேட்'தான் வித்தியாசம்.

கதைக்கு மட்டும்தான் இது என்று நினைக்காதீர்கள். கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெஷினில் ஒருவர் கை மாட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு முன்பே அவர் சுவிட்சை ஆஃப் செய்திருந்தாரா, மாட்டிய பிறகு செய்தாரா? ஆங்கில ரிப்போர்ட்டில் 'ஹேட்' விட்டுப்போனால், மெஷினின் கோளாறு தொழிலாளியின் கவனக்குறைவாகிவிடும்.

இன்னொரு தவறும் உண்டு. "எஸ்டர்டே ஐ ஹேட் கான் டு திருவள்ளூர்" என்று சும்மா 'ஹேட்' போடுவது. பின்னால் நடந்த இன்னொரு சம்பவம் பேச்சில் இருந்தால்தான் 'ஹேட்'டுக்கு வேலை. இல்லாவிட்டால் 'வென்ட்' போதும்.

நம் துப்பறியும் கதைகளுக்கு ஆங்கிலம் ஒத்து வருமா என்ற சந்தேகமே வேண்டாம். 2008-ல் சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா போன்றவர்களின் கதைகளை ப்ரீத்தம் சக்ரவர்த்தியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தொகுப்பாகவே கொண்டுவந்தது.

ஆக, ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'கொண்டிருந்தான்' வந்தால் 'வாஸ்'. '-திருந்தான்' வந்தால் 'ஹேட்'. பெரும்பாலும் சரியாக வரும். ஒரே ஒரு எச்சரிக்கை: "நான் போவதற்குள் ரயில் போய்விட்டது" என்போம். இதில் 'இருந்தது' கிடையாது. ஆனாலும் ஆங்கிலத்தில் 'ஹேட் லெஃப்ட்'தான்!

அது சரி, அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்கிறீர்களா? இறங்கியவன் மெதுவாக அதைத் திறந்தான்...

மீதியை நீங்கள் எழுதுங்கள். 'ஹேட்' ஜாக்கிரதை!