பாறைக்குள்ளே ஒரு சர்ச்!

ஆபீஸ் வேலையாக ஹெல்சிங்கி போயிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை. பொழுது போகவில்லை. "பக்கத்துலதான் டெம்ப்பெலியௌகியோ சர்ச், பார்த்துட்டு வாங்க" என்றார் ஹோட்டல்காரர். பெயரைச் சரியாகச் சொல்லிப் பழகுவதற்குள் சர்ச்சே வந்துவிட்டது!

கோபுரத்தைத் தேடினேன். காணோம். அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு பாறை மேடு, அதில் குகை மாதிரி ஒரு வாசல். கார் நிறுத்துகிற இடமாக்கும் என்று திரும்பப் பார்த்தேன். நல்லவேளை, திரும்பவில்லை.

உள்ளே... அடேயப்பா! சுற்றிலும் குடைந்த பாறையே சுவர். தலைக்கு மேலே 24 மீட்டர் அகலத்துக்குச் செம்புக் கூரை. கூரைக்கும் பாறைக்கும் இடையே 180 கண்ணாடிகள் வழியாகக் கொட்டுகிறது வெளிச்சம்.

இந்த லுத்தரன் சர்ச்சின் கதை நம்ம ஊர் ஃபைல் கதையைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும் ஸார்! 1930-களிலேயே இரண்டு முறை டிசைன் போட்டி வைத்து, வேலையும் ஆரம்பித்தார்கள். 1939-ல் யுத்தம் வர, அப்படியே நின்றது. 1961-ல் மறுபடி போட்டி. ஜெயித்தவர்கள் டிமோ, டுவோமோ சுவோமலைனென் என்ற சகோதரர்கள். 'பாறையை ஏன் மறைக்கணும்? உள்ளேயே கட்டிடலாம்' என்பது அவர்கள் ஐடியா.

'பிசாசைத் தடுக்கிற பங்கர்' என்று ஊரே கிண்டலடித்தது. பணம் போதாமல் உள் இடத்தில் கால் பங்கைக் குறைத்தார்கள். 1968-ல் ஒருவழியாக வேலை தொடங்கினால், மாணவர்கள் வந்து பாறையில் 'பையாஃப்ரா' என்று எழுதிவிட்டுப் போனார்கள். ஆப்பிரிக்காவில் குழந்தைகள் பட்டினியில் சாகும்போது இங்கே சர்ச்சுக்கு இவ்வளவு செலவா என்ற கோபம். நியாயமான கோபம்தான். அதையும் தாண்டி 1969 செப்டம்பரில் சர்ச் திறந்தது.

இதில் ஒரு வேடிக்கை. சுவரை இப்படிக் கரடுமுரடாக விடுவது போட்டிக்குக் கொடுத்த பிளானிலேயே இல்லை. நடுவர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்று பயந்து விட்டுவிட்டார்களாம். பிறகு இசை நடத்துநர் பாவோ பெர்க்லுண்டும், ஒலி நிபுணர் மௌரி பார்யோவும் சத்தம் நன்றாகக் கேட்க சுவர் எப்படி இருக்க வேண்டும் என்று விளக்க, பூசாத பாறையே அதற்குப் போதும் என்று தெரிந்தது! அன்றைக்கு யாரோ ஆர்கன் வாசித்தார்கள். 3001 குழாய்கள். பெஞ்சில் அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

காரணம் இருக்கிறது. ரிட்டயர்மென்ட் பணத்தில் அப்பா கட்டிய எங்கள் வீட்டுப் பின்பக்கச் சுவர் பதினொரு வருஷமாகப் பூசாமல் நிற்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் "அடுத்த வருஷம் பூசிடுவோம்" என்று கூச்சத்தோடு சொல்வார். வருஷா வருஷம் "போனஸ் வரட்டும்ப்பா" என்பேன் நான்.

ராத்திரி போன் போட்டேன்.

"அப்பா, அந்தச் சுவர் அப்படியே இருக்கட்டும்."

"ஏண்டா, இந்த வருஷமும் போனஸ் இல்லையா?"

"வந்தாச்சுப்பா. ஆனா பூசாத சுவர்லதான் சத்தம் நல்லாக் கேக்குமாம்!"

கொஞ்ச நேரம் மௌனம்.

"கேக்கும் கேக்கும். பதினொரு வருஷமா உங்கம்மா திட்டறது தெருக்கோடி வரைக்கும் கேக்குதே! நீ முதல்ல பணத்தை அனுப்பு!"